இயல்பாகச் சிரிக்கவும்

“சிரிப்பு எந்த வரிசையிலேர்ந்து ஆரம்பிச்சது?” என்று நீர் வாரியத்தின் துணைத் தலைவர் மறுபடியும் கேட்டபோது என் முழங்கால் இரண்டும் தனித்தனியாக நடுங்கிக்கொண்டிருந்தன. ஒன்றைப் பிடித்து அழுத்தினால் மற்றது ஆடியது.

மேடைக்குப் பின்னால், நாடகச் சாமான்களைப் போட்டு வைக்கும் அறை அது. அங்கே உருப்படியான நாற்காலி ஒன்றுகூடக் கிடையாது. அதனால் துணைத் தலைவர் ஏதோ ராஜா நாடகத்துச் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தார். அதில் ஒட்டியிருந்த தங்கக் காகிதம் உரிந்து அவர் கால்சட்டைக்கு மாறிக்கொண்டிருந்தது. சட்ட அதிகாரி மேடம் அட்டையில் செய்த ஒரு பாறையின் மேல், அது அமுங்கிவிடாதபடி பாதி உடம்பை மட்டும் வைத்திருந்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். இன்றைக்குச் சிரிப்புதான் என் மேல் குற்றம்.

“தெரியல சார்.”

“மேடையில நின்னது நீ. எதிர்ல பாத்துக்கிட்டு இருந்தது நீ. முதல்ல வாயைத் திறந்தது யாரு?”

“லைட்டு கண்ல அடிச்சுது சார்.”

“லைட்டு மேல பழி போடறா, குறிச்சுக்குங்க,” என்று அவர் மேடத்திடம் சொன்னார். பிறகு என் பக்கம் குனிந்தார். “சரி, அதை விடு. மேடையில செஞ்சு காட்டினியே, அதை உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?”

இந்தக் கேள்வி வந்துவிடக் கூடாது என்றுதான் இவ்வளவு நேரம் வேண்டிக்கொண்டிருந்தேன். பதில் கதவுக்கு வெளியே ஒரு மர பெஞ்சில், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. என் அம்மா.

இதை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். மெதுவாகத்தான் சொல்ல முடியும். சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா இன்னும் தூங்கவில்லை.

அம்மாவுக்கு நீர் வாரியத்தில் வேலை. புகார்ப் பிரிவு. போன் அடித்தால் எடுத்து, “உங்க புகார் பதிவாயிடுச்சு, நடவடிக்கை எடுக்கப்படும்” என்று சொல்ல வேண்டும். நடவடிக்கை எடுப்பது வேறு பிரிவு. அந்தப் பிரிவு எங்கே இருக்கிறது என்று அம்மாவுக்கே தெரியாது. ஒன்பது வருடமாக அம்மா அங்கே தற்காலிகம். ஒரு மனுஷி ஒன்பது வருடம் தற்காலிகமாகவே இருக்க முடியும் என்பதை அந்த வாரியத்தில்தான் பார்க்கலாம். இப்போதுதான் ஒரு வழியாக நிரந்தர உத்தரவு தயாராகி, பெரிய சாருடைய மேஜைக்குப் போயிருந்தது. ஒரு கையெழுத்துதான் பாக்கி. அது விழுந்தால்தான், காய்ச்சல் வந்தால் அம்மா ஒரு நாள் பயமில்லாமல் படுக்கலாம். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். அதனால் அந்தக் கையெழுத்துக்காக நாங்கள் இருவரும் ராத்திரி பகலாகக் காத்துக்கொண்டிருந்தோம்.

பெரிய சார் என்றால் வாரியத் தலைவர். இன்றைக்கு முன்னால் நான் அவரை நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் தினமும் பார்த்திருக்கிறேன். அம்மா வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றி, அடுப்பைப் பற்ற வைத்ததும் பெரிய சாராகிவிடுவாள். கைத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கரண்டியை மூக்குக் கண்ணாடி மாதிரி விரல் நடுவில் பிடித்துக்கொண்டு. நான்தான் எப்போதும் புகார் சொல்ல வந்த ஆள். எங்களுக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது.

இப்படி இருக்கும்போதுதான் வாரியத்துக்கு நகைச்சுவை தேவைப்பட்டது. வாரியத்தைப் பற்றிப் போன வருடம் வந்த குறைகளை எண்ணிப் பார்த்தார்களாம். முதல் குறை, தண்ணீர் வருவதில்லை. இரண்டாவது குறை, போனை எடுக்கிறவர்கள் சிடுசிடுக்கிறார்கள். முதலாவதைச் சரிசெய்ய முடியாது என்பதால் இரண்டாவதைச் சரிசெய்வது என்று முடிவானது. ஊழியர்களை ஒரு மாலை இம்ப்ரோவ் காமெடிக்குக் கூட்டிப் போய் மனம்விட்டுச் சிரிக்க வைப்பது. ஆளுக்கு ஒரு குடும்ப உறுப்பினரைக் கட்டாயம் அழைத்து வர வேண்டும். வீட்டு ஆளும் சேர்ந்து சிரித்தால்தான் ஊழியர் சிரிப்பது உண்மை மாதிரி தெரியும் என்று துணைத் தலைவர் விளக்கினாராம்.

இம்ப்ரோவ் என்றால் ஒத்திகையே இல்லாத நாடகம். நடிகர்கள் கையை வீசிக்கொண்டு மேடைக்கு வருவார்கள். பார்க்க வந்தவர்கள் ஏதாவது ஒரு வார்த்தையைக் கத்த வேண்டும். அதை வைத்து அந்த நிமிடமே எதையாவது நடிப்பார்கள். அடுத்து என்ன வரும் என்று அவர்களுக்கே தெரியாது. வாரியத்துக்கு இந்தக் கடைசி விஷயம் மட்டும் பிடிக்கவில்லை. அதனால் ஒத்திகை வைத்தார்கள், பார்க்க வருகிறவர்களுக்கு.

ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு வார்த்தை ஒதுக்கப்பட்டது. கொள்முதல் பிரிவுக்கு ‘யானை’. கணக்குப் பிரிவுக்கு முதலில் ‘விமானம்’ கொடுத்திருந்தார்கள்; ஆடம்பரம் என்று தணிக்கையில் ஆட்சேபம் வந்ததால் ‘சைக்கிள்’ ஆனது. புகார்ப் பிரிவுக்குக் ‘குடை’. சொல்லவே கூடாத வார்த்தைகளும் இருந்தன. குழாய், தொட்டி, மோட்டார், லாரி, எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர். மேடை ஓரத்தில் இரண்டு பல்பு மாட்டினார்கள். பச்சை எரிந்தால் சிரிக்க வேண்டும். சிவப்பு எரிந்தால் நிறுத்த வேண்டும். ஸ்விட்சு வாரியத்து எலக்ட்ரீஷியன் அண்ணனின் பொறுப்பு. அவருக்கு மட்டும் சிரிப்பதிலிருந்து விலக்கு.

கடைசி ஒத்திகைக்கு என்னையும் அம்மா கூட்டிப் போனாள். துணைத் தலைவர் மைக்கைப் பிடித்துப் பேசினார்: “எல்லாம் இயல்பா இருக்கணும். யாரும் நடிக்கக் கூடாது. இயல்புக்கு மாறா யாராவது சிரிச்சா, இல்ல இயல்பா சிரிக்காம இருந்தா, ரெண்டுக்கும் விளக்கம் கேட்கப்படும். ஏதாவது சந்தேகம் இருக்கா? இல்ல. நல்லது.”

யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. பயம்தான் இருந்தது.

வீட்டில் அம்மா எனக்குத் தலை பின்னிவிடும்போதும் பயிற்சி செய்தாள்.

“குடை! என்னடி, திடீர்னு தோணின மாதிரி இருக்கா?”

“இல்லம்மா. உங்க புகார் பதிவாயிடுச்சுங்கற மாதிரி இருக்கு.”

“குடை! இப்ப?”

“இப்பக் குடை தொலைஞ்சு போன மாதிரி இருக்கு.”

“உனக்கு எல்லாம் விளையாட்டு. உத்தரவு அவர் மேஜையில கிடக்கு. என்னால ஒரு குடையைக்கூட ஒழுங்காச் சொல்ல முடியல.” சொல்லிவிட்டு என் பின்னலை இழுத்த இழுப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது.

இன்று மாலை நிகழ்ச்சிக்கு அரங்கம் நிறைந்திருந்தது. எல்லோரும் நல்ல துணி உடுத்திக்கொண்டு, பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருப்பது மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு அங்கிள் வாய்க்குள் “யானை, யானை, யானை” என்று சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் பெரிய சார் பேசினார்.

“எனக்கு நகைச்சுவை உணர்வு உண்டு. இதை நானா சொல்லிக்கல. போன வாரியக் கூட்டத்துல தீர்மானமாவே நிறைவேத்தியிருக்காங்க. எதிர்த்து ஒரு ஓட்டுகூட விழல.”

பச்சை எரிந்தது. எல்லோரும் சிரித்தார்கள். சிவப்பு எரிந்தது.

“சிரிக்கறது தப்பே இல்ல. எப்ப, எங்க, யாரைப் பாத்துன்னு தெரிஞ்சு சிரிக்கணும். அதுக்குப் பேருதான் பண்பாடு. கண்டபடி சிரிக்கறவன் நாளைக்குக் கண்டபடி கேள்வி கேப்பான்.”

அவர் இப்படியே போய்க்கொண்டிருந்ததில், நடிக்க வந்தவர்கள் கால் வலித்து மேடை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டே பேர். சுருட்டை முடி அக்கா ஒருத்தி, நெட்டையாக ஒரு அண்ணன். கடைசியில் அவர்கள் முறை வந்தது.

“ஒரு பொருள் சொல்லுங்க! மனசுல என்ன தோணுதோ அது!” என்று அக்கா கத்தினாள்.

“குடை!” என்றது புகார்ப் பிரிவு முழுவதும், ஒரே குரலில், போனில் பேசுகிற அதே தொனியில். அம்மா முகத்தில் அப்பாடா என்று ஒரு நிம்மதி.

குடையை வைத்து அவர்கள் நடித்ததில் எங்கேயோ ஏதோ இடித்தது. பிறகுதான் தெரிந்தது, அவர்களுக்கும் வசனத்தை எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லியிருந்தார்கள். நடுவில் நெட்டை அண்ணனுக்கு இருமல் வந்துவிட்டது. “கொஞ்சம் தண்ணி…” என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான், மொத்த அரங்கமும் உறைந்துபோனது. அவர் பேய் அறைந்த மாதிரி நின்று, மீதி இருமலை அப்படியே விழுங்கினார். அவர் கழுத்து நரம்பு புடைத்தது எனக்குத் தெரிந்தது. எலக்ட்ரீஷியன் அண்ணன் எதற்கும் இருக்கட்டும் என்று சிவப்பைப் போட்டார்.

எனக்கு முன்னால் ஒரு உயரமான மனிதர் உட்கார்ந்து மறைத்துக்கொண்டிருந்தார். எட்டி எட்டிப் பார்த்தேன். மூன்றாவது வரிசை ஓரத்திலிருந்து பம்ப் ஆபரேட்டர் மாமா திரும்பிப் பார்த்தார். “பாப்பா, இங்க வந்து உக்காரு. எல்லாம் நல்லாத் தெரியும். நான் உன் இடத்துல இருந்துக்கறேன்.” எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

‘கூட்டத்திலிருந்து எதிர்பாராமல் மேடைக்கு அழைக்கப்படும் நபர்’ உட்கார வேண்டிய நாற்காலி அதுதான் என்று எனக்கு எப்படித் தெரியும்? மாமாவைத்தான் அதற்கு நியமித்திருந்தார்கள். “ஐயோ, நானா?” என்று நெஞ்சில் கை வைத்து எழுந்து நிற்க அவர் வீட்டில் கண்ணாடி முன்னால் பழகியிருக்கிறார். பழகப் பழகப் பயம் கூடி, சாப்பாடு இறங்காமல் போயிருக்கிறது. நடிகர்களுக்கு மாமாவைத் தெரியாது. நாற்காலியைத்தான் தெரியும்.

வட்டமாக வெளிச்சம் என் மேல் விழுந்தது. நான் திரும்பி மாமாவைத் தேடினேன். அவர் என் பழைய இடத்தில் குனிந்து செருப்புக் கொக்கியைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவர் போட்டிருந்த செருப்பில் கொக்கியே கிடையாது.

மேடைக்கு எப்படி ஏறினேன் என்று ஞாபகமில்லை. சுருட்டை முடி அக்கா எனக்கு ஒரு வரி எடுத்துக் கொடுத்தாள். அதற்கு மாமா ஏதோ பதில் சொல்ல வேண்டும் போல. நான் மரம் மாதிரி நின்றேன். அக்கா இன்னொரு தடவை சொன்னாள். நான் இன்னொரு தடவை நின்றேன். கடைசியில் அவள் என் காதருகே வந்தாள்.

“உனக்கு எதுவும் குடுக்கலையா?”

“இல்லக்கா.”

“பேப்பர்கூட இல்லையா?”

“அழுகை வருதுக்கா.”

“அழாத. எனக்கும் பயமாத்தான் இருக்கு.” அவள் முகம் அப்போது மாறியது. அந்த மாலையில் முதல் தடவையாக அவளுக்கும் அடுத்து என்ன என்று தெரியவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்து என்னை உட்கார வைத்தாள். “நீ ஆபீசர். நான் புகார் குடுக்க வந்திருக்கேன். உனக்கு வாயில வர்றதைப் பேசு.” பிறகு கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி, கையைக் கூப்பிக்கொண்டு சொன்னாள்: “சார், எங்க தெருவுல தண்ணி வரலை சார்.”

யாரோ மூச்சை உள்ளே இழுத்த சத்தம் கேட்டது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். என் கழுத்து தானாகச் சாய்ந்தது. கண் தானாக மூடியது. உடம்பு ஸ்டூலோடு அரை வட்டம் திரும்பியது.

“வரலைங்கறது உங்க பார்வை. நாங்க அனுப்பிட்டோம்.”

“அனுப்பிட்டீங்களா? அப்ப எங்க சார் போச்சு?”

“அனுப்பறது எங்க வேலை. வந்து சேர்றது அதோட பொறுப்பு.”

“குடிக்கக்கூட இல்ல சார்!”

“இப்ப நான் இவ்ளோ நேரமாப் பேசறேன், ஒரு வாய் குடிச்சேனா? முதல்ல தாகத்தைக் கட்டுப்படுத்தக் கத்துக்கங்க.”

அதற்குப் பிறகு அம்மா செய்கிற இடம் வந்தது. கண்ணை மூடியபடி யோசிப்பது. ரொம்ப நேரம் யோசிப்பது. பிறகு ஒரே ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்து, எதிரே இருக்கிற ஆள் போய்விட்டாரா என்று பார்ப்பது. அக்கா போகவில்லை. மறுபடி மூடிக்கொண்டேன்.

முதலில் சத்தமே இல்லை. பிறகு எங்கேயோ ஒருத்தருக்குக் களுக்கென்று வந்தது. அப்புறம் கூரை இடிந்து விழுந்த மாதிரி ஒரு சிரிப்பு. பச்சை விளக்குக்கு இத்தனை நேரம் பல்லைக் காட்டியவர்கள், இப்போது நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார்கள். புகார்ப் பிரிவு ஆன்ட்டி ஒருத்தர் முன் சீட்டில் தலையை முட்டிக்கொண்டார். சிவப்பு எரிந்தது. யாரும் பார்க்கவில்லை. எலக்ட்ரீஷியன் அண்ணன் ஸ்விட்சுப் பலகை மேலேயே கவிழ்ந்து குலுங்கியதில் இரண்டு பல்பும் சேர்ந்து எரிந்தன.

எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது பெரிய சார்தான். தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். “யாருய்யா அது? நம்ம கணக்குப் பிரிவு ஆளு மாதிரியே இருக்கே!” என்று அவர் கேட்டது மேடை வரைக்கும் வந்தது. பக்கத்தில் இருந்த துணைத் தலைவர், கடமை தவறாதவர், அவர் காதில் குனிந்து எதையோ சொன்னார்.

பெரிய சாரின் சிரிப்பு நின்றது. குழாயை மூடிய பிறகும் சொட்டுகிற மாதிரி இரண்டு துளி கூடுதலாக விழுந்தது. அவ்வளவுதான். சிரிப்பு முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்கு, வரிசை வரிசையாக அணைந்துகொண்டே போனது. கடைசியில் கூட்டத்தில் எனக்கு ஒரே ஒரு முகம்தான் தெரிந்தது. ஆரம்பத்திலிருந்தே சிரிக்காத முகம். அம்மா வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சாமான் அறை.

“யாரும் சொல்லிக் குடுக்கல சார். அப்பத் தோணிச்சு,” என்றேன்.

“தோணிச்சா? அப்படின்னா இப்ப இன்னொரு தடவை செஞ்சு காட்டு.”

நான் சட்ட அதிகாரி மேடத்தைப் பார்த்தேன். அவர் பொறுமையாக விளக்கினார். “பயப்படாதம்மா, இது விதிமுறைதான். அதே மாதிரி வந்துதுன்னா நீ மனப்பாடம் பண்ணியிருக்கே. வேற மாதிரி வந்துதுன்னா இப்ப மறைக்கறே.”

“அப்ப நான் என்ன செய்யணும் மேடம்?”

“இயல்பா செய்.”

எனக்கு அழுகை முட்டியது. அழுதால் அதற்கும் விளக்கம் கேட்பார்களோ என்று அடக்கிக்கொண்டேன். அந்தப் பயத்தில்தான் ஒரு பொய் வந்தது. “பெரிய சார் இன்னிக்கு மேடையில பேசினாங்கல்ல சார்… அதைப் பாத்துத்தான். ஒரு தடவை பாத்தா எனக்குப் பிடிச்சுக்கும்.”

துணைத் தலைவர் சிம்மாசனத்தில் நிமிர்ந்தார். “மாட்டிக்கிட்டா! பாத்தீங்களா மேடம்? மேடையில அவர் கண்ணை மூடவே இல்ல. அந்த ஒத்தைக் கண்ணைத் திறந்து பாக்கறதெல்லாம் அவர் ரூமுக்குள்ள மட்டும்தான்…”

பேச்சு அங்கேயே நின்றது. மேடம் பேனாவைத் தூக்கினார்.

“சொல்லுங்க சார். ரூமுக்குள்ள?”

“ஒண்ணுமில்ல.”

“பெரிய சார் ரூமுக்குள்ள அப்படிச் செய்வாருன்னு சொல்ல வந்தீங்க. உங்க வாக்குமூலமா எழுதிக்கட்டுமா?”

“நான் அப்படிச் சொல்லவே இல்லையே!”

“அப்ப அவர் அப்படிச் செய்ய மாட்டாரு.”

“செய்யவே மாட்டாரு. சத்தியமா செய்ய மாட்டாரு.”

“அப்ப இந்தப் பொண்ணு செஞ்சது யாரைன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? அவர் காதுல என்ன சொன்னீங்க?”

துணைத் தலைவர் சிம்மாசனத்தை இறுக்கிப் பிடித்தார். சிம்மாசனத்தின் கைப்பிடிச் சிங்கம் உடைந்து அவர் கையோடு வந்துவிட்டது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். அவர் நெற்றி வியர்த்ததைப் பார்த்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. அந்த அறையில் நடுங்குவது நான் மட்டும் இல்லை. அது ஆறுதலாக இருக்க வேண்டும். ஆனால் இன்னும் பயமாகத்தான் இருந்தது.

கதவு திறந்தது. பெரிய சார். எவ்வளவு நேரமாக வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார் என்று தெரியாது. இருவரும் துள்ளி எழுந்ததில் அட்டைப் பாறை டப்பென்று மேலே எழும்பியது. அவர் நேராக என் முன்னால் வந்து நின்றார்.

“அந்தக் கண்ணு. அதை மட்டும் செய்.”

செய்தேன். வேறு என்ன செய்வது? கண்ணை மூடினேன். போய்விடு, போய்விடு, போய்விடு என்று மனசுக்குள் சொன்னேன். பிறகு ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன்.

அவர் இன்னும் அங்கேயே இருந்தார்.

“ம்,” என்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. “நான் சிரிச்சேன். எல்லாரும் பாத்தாங்க. தன்னைப் பாத்துத் தானே சிரிக்கறவன் உலகத்துல உண்டா? கிடையாது. அதனால அது நான் இல்ல. பொதுவா ஒரு அதிகாரி.”

“ரொம்பச் சரி சார்,” என்றார் துணைத் தலைவர். அவருக்கு உயிர் திரும்பி வந்தது.

“ஆனா ஒண்ணு. இத்தனை அதிகாரி இருக்கற வாரியத்துல ஒரே ஒரு ஆள் மட்டும் பொதுவா இருக்கறது நல்லா இல்ல. மத்தவங்க மனசு கஷ்டப்படும். திங்கட்கிழமை கூட்டத்துல பிரிவுத் தலைவர்ங்க எல்லாரும் ஆளுக்கு நாலு வார்த்தை பேசட்டும். இந்தப் பொண்ணுக்குத்தான் ஒரு தடவை பாத்தாப் போதுமே. அங்கேயே ஒவ்வொருத்தரா செஞ்சு காட்டட்டும். எல்லாரும் சிரிக்கலாம்.” துணைத் தலைவரைப் பார்த்துப் புன்னகைத்தார். “உங்கள்லேர்ந்தே ஆரம்பிச்சுடலாம்.”

போகும்போது என் தோளில் கை வைத்தார். “உங்கம்மா புகார்ப் பிரிவு, இல்ல? அவங்க உத்தரவு என் மேஜையிலதான் இருக்கு. கூட்டம் முடியட்டும், பாக்கலாம். ஒரு தடவை பாத்தாப் பிடிச்சுக்கும்னு சொன்னே. அது உண்மையா இருந்தா எல்லாருக்கும் நல்லது.”

பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டதும் நான் எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அடித்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்து சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள். பிறகு கேட்டாள்: “சிரிச்சாங்கல்ல?”

“அம்மா!”

“இல்லடி, கேக்கறேன். நான் அவர் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தேன். காதுல ஒண்ணும் விழல. ‘அனுப்பிட்டோம்’னதுக்குச் சிரிச்சாங்களா, இல்ல கண்ணுக்குத்தானா?”

“ரெண்டுக்கும்தான்மா.”

“கண்ணை நீ சீக்கிரம் திறந்துட்டே. இன்னும் ரெண்டு மூச்சு விட்டுட்டுத் திறக்கணும்.” சேலைத் தலைப்பை உதறி இடுப்பில் செருகினாள். பிறகு, “துணைத் தலைவர்லேர்ந்துதானே ஆரம்பிக்கச் சொன்னாரு?” என்று கேட்டுக்கொண்டே எழுந்தாள்.

புகார்ப் பிரிவுக்கும் அதிகாரிகளின் அறைகளுக்கும் நடுவில் கண்ணாடித் தடுப்புதான் இருக்கிறது. அந்தப் பக்கம் பேசுவது கேட்காது, வசனத்தை அம்மாவே போட்டுக்கொள்வாள். செய்வதெல்லாம் தெரியும். ஒன்பது வருடம் அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு அதைத்தான் பார்த்திருக்கிறாள். பெரிய சாரிடமிருந்து போன் வந்தால் துணைத் தலைவர் எழுந்து நின்று, சட்டையின் கழுத்துப் பட்டனைப் போட்டு, தலையைக் கோதிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் ஹலோ சொல்வாராம். பேசி முடித்ததும் ரிசீவரைக் குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி வைத்துவிட்டு, பட்டனைக் கழற்றிவிட்டு, அந்தப் போனைப் பார்த்துப் பழிப்புக் காட்டுவாராம். அம்மா செய்து காட்டினாள். சட்ட அதிகாரி மேடம் ஒரே ஒரு தாள்தான் இருந்தாலும் விரலை எச்சில் தொட்டு அடுத்த பக்கத்தைத் தேடுவார். அதையும் செய்தாள். கணக்குப் பிரிவுத் தலைவரை யாராவது கேள்வி கேட்டால் பதில் சட்டைப்பையில் இருக்கிற மாதிரி எல்லாப் பையையும் தடவிப் பார்ப்பார். அம்மாவின் புடவையில் பையே இல்லை. ஆனால் தடவிய இடத்தில் எல்லாம் பை இருந்தது.

நான் தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பயம் போகவில்லை. பயத்தோடு சேர்ந்தே சிரிப்பு வந்தது, விக்கல் மாதிரி. அம்மாவை இவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை. வியர்த்திருந்தாள். கண் பளபளத்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. திங்கட்கிழமை துணைத் தலைவர் எழுந்து நின்று நாலு வார்த்தை பேசுவார். அங்கே போன் அடிக்காது. அவர் பட்டனைப் போட மாட்டார், கழற்ற மாட்டார். நான் எழுந்து கழுத்துப் பட்டனைப் போட்டால் அந்த நிமிடமே அவருக்குத் தெரிந்துவிடும், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து யார் பார்த்தார்கள் என்று. அதைச் செய்யாமல் விட்டால் அவரிடம் செய்வதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? ஒருத்தரும் சிரிக்க மாட்டார்கள். ஒரு தடவை பார்த்தால் இவளுக்குப் பிடித்துக்கொள்ளாது, அன்றைக்குச் செய்தது வீட்டில் கற்றது என்று பெரிய சாருக்குத் தெரிந்துவிடும். எந்தப் பக்கம் போனாலும் அந்த மேஜையில்தான் போய் இடிக்கிறது.

“அம்மா, இதையெல்லாம் அங்க செஞ்சா…”

“செய்யத்தான் வேணும். நல்லா செய்யணும்.” அம்மா என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். “அரைகுறையா எதையாவது செஞ்சு என் பேரைக் கெடுத்துடாத.”

சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். அவள் பேர் வெளியே வரவே கூடாது என்பதற்காகத்தான் இத்தனையும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது சுவர் வழியாகக் கேட்கிறது. துணைத் தலைவர் குரலில் ஒரு ஹலோ. சரியில்லை போல. மறுபடியும் ஒரு ஹலோ, இன்னும் கொஞ்சம் பணிவாக. பிறகு தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிக்கிற சத்தம்.

நீங்களே சொல்லுங்கள். திங்கட்கிழமை நான் நன்றாகச் செய்யட்டுமா, கெடுத்துவிடட்டுமா?